பன்னிரண்டு கோடு காட்டிய கார்

1

என் வதிவிட விசாவை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான கோப்பு எங்கள் வீட்டு அலமாரியில், மகளின் தடுப்பூசி அட்டைகளுக்கும் மனைவியின் சான்றிதழ்களுக்கும் நடுவில் இருக்கிறது. போன வாரம் அதை எடுத்தபோதுதான் கொழும்புக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிவிட்டது தெரிந்தது. வீட்டில் வேறு யாருக்கும் அது ஞாபகம் இல்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் உங்களுக்குக் கொழும்பு ஒரு வெளிநாடே இல்லை. சென்னையில் விமானம் ஏறினால் கொடுத்த சாண்ட்விச்சைப் பிரிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். கனடா போனவனுக்குக் கிடைக்கும் மரியாதையும் எனக்கு இல்லை, பரிதாபமும் இல்லை. "அங்கயும் தமிழ்தானே பேசறாங்க, உனக்கு என்னடா கஷ்டம்?" என்று அண்ணன் ஒவ்வொரு பொங்கலுக்கும் தொலைபேசியில் கேட்கிறான்.

கஷ்டம் இதுதான். பதினைந்து வருடமாக வெள்ளவத்தையில் தக்காளி வாங்குகிறேன். வாயைத் திறந்ததும் "இந்தியாவா?" என்கிறார்கள். சிங்களம் பேசினால் முச்சக்கர வண்டிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறுகிறார். 'ஓம்' சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு 'ஆமாம்'தான் வரும். முயற்சி செய்து 'ஓம்' என்றால் மந்திரம் சொல்வதுபோல் இருக்கிறதாம். அப்படிச் சொன்னவள் என் மகள் அஞ்சனா, வயது பதின்மூன்று. அவளுக்குக் கோபம் ஆங்கிலத்தில் வருகிறது, சிரிப்பு சிங்களத்தில் வருகிறது. தமிழ், எங்களிடம் சாப்பாடு கேட்பதற்கு. தோழிகள் வீட்டுக்கு வந்தால், "அப்பா, நீங்க கொஞ்சம் உள்ள இருங்கோ" என்பாள்.

விசாவுக்கு வசிப்பிடச் சான்று வேண்டும். அதைக் கிராம சேவகர், நம் ஊர் வி.ஏ.ஓ. மாதிரி ஒருவர், தர வேண்டும். கிராம சேவகர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் வருகிறவர் யாருக்கும் என்னைத் தெரியாது. ஒழுங்கையில், அதாவது நாங்கள் குடியிருக்கும் சந்தில், நெடுநாள் இருக்கும் ஒருவரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்வார்கள். எனக்கு அந்த ஒருவர் ஃபலீல் நானா; இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்கள் ஒழுங்கை, காலி வீதி என்ற பெருஞ்சாலையைத் தொடும் முனையில் அவருடைய பலசரக்குக் கடை இருக்கிறது. ஏழு முறை எனக்குக் கடிதம் தந்திருக்கிறார். வாசகத்தை நான் தட்டச்சு செய்து கொண்டுபோவேன். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையைக் குத்தி, அதன் கீழே தன் கையால் ஒரு வரி சேர்ப்பார்: "நம்பிக்கையான ஆள். என் பொறுப்பு."

'என் பொறுப்பு' என்பது அவர் கடையில் சும்மா சொல்லும் வார்த்தை இல்லை. ஒரு சாமானைக் கொடுத்து அப்படிச் சொன்னார் என்றால், ஒரு மாதம் கழித்துக்கூடத் திருப்பிக் கொண்டுபோகலாம், ஏன் என்று கேட்காமல் காசைத் தருவார். எல்லாச் சாமானுக்கும் அதைச் சொல்லவும் மாட்டார். இந்த ஊரில் என்னைப் பற்றி அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். என் மாமனார்கூடச் சொன்னதில்லை.

2

இனி காரைப் பற்றி.

அது ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்த மின்சாரக் கார். இந்த ஊர்க்காரியான என் மனைவி ஷாமினி கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். வெள்ளவத்தையிலிருந்து தினமும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் நசுங்க முடியாது என்று வாங்கினோம். நான் கொள்ளுப்பிட்டியில் அலுவலகத்தில் இறங்கிக்கொள்வேன், அவள் மேலே ஓட்டிப் போவாள்.

வாங்கியபோது என் மாமனார் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பெட்ரோல் வரிசை வந்தபோது சிரிப்பு நின்றது. ஊரே கேன்களோடு தெருவில் கிடந்த அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் ஓடிய கார் எங்களுடையது மட்டும்தான். ஒரு காலை ஃபலீல் நானாவின் உம்மாவுக்கு மூச்சு முட்டியது. முச்சக்கர வண்டி ஒன்றும் இல்லை. நான்தான் அவரைப் பின்சீட்டில் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். நானா பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுக்க ஓதிக்கொண்டு வந்தார். உம்மா அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் இருந்தார்.

"இது என்ட உம்மாவைக் காப்பாத்தின கார்" என்று நானா வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வார். நான் காரை நிறுத்தும்போது கடையை விட்டு இறங்கி வந்து அதன் பானெட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். எனக்குப் பெருமையாக இருக்கும். இந்த ஊரில் நான் பெருமைப்பட்ட விஷயங்கள் குறைவு, அதனால் அதை நன்றாகவே அனுபவித்தேன்.

3

அந்தக் காரின் முகப்பில், வேகம் காட்டும் இடத்துக்குப் பக்கத்தில், சின்னச் சின்னக் கோடுகள் பன்னிரண்டு இருக்கும். பேட்டரி எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்பதை அவை காட்டும். பழசாகப் பழசாக ஒவ்வொரு கோடாக அணையும். எங்களுக்குக் கிடைத்தபோது பதினொன்று இருந்தது. கொழும்பு வெயில் ஒவ்வொன்றாகத் தின்றது. ஆறுக்கு வந்தபோது ஒருமுறை ஏற்றினால் கொட்டாஞ்சேனை போய்த் திரும்பி வருவதே பெரும்பாடாகிவிட்டது. ஏசியை அணைத்துவிட்டு, ஷாமினி பள்ளிக்கூடச் சேலையோடு வேர்த்துக்கொண்டு ஓட்டி வருவாள்.

புது பேட்டரி விலை கேட்டேன். அந்தப் பணத்துக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம். நான் கோயம்புத்தூர்க்காரன். மோட்டார் எரிந்தால் காயில் கட்டும் ஊர் நம்முடையது, புதிது வாங்குகிறவனை நாம் ஏமாளி என்போம். அப்பாவின் பட்டறையில் செம்புக் கம்பிக்கு நடுவில் வளர்ந்தவன் நான். சும்மா விடுவேனா?

விசாரித்து விசாரித்துக் கொட்டாஞ்சேனையில் கிங்ஸ்லியைக் கண்டுபிடித்தேன். கோயில் மதிலோரம் ஒரு சின்னப் பட்டறை, சுவரில் அந்தோனியார் படம், கையில் கறுப்பு ரப்பர் உறை. பேட்டரியை இறக்கி மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே தகரப் பெட்டிகள் அடுக்கடுக்காக நாற்பத்தெட்டு.

"பொஸ், எல்லாம் சாகேல்ல. பதினொண்டுதான் வீக். அதைக் கழட்டிப் போட்டு அக்சிடன்ட் கார் ஒண்டுல இருந்து நல்லது போடுவம். புதுசு வாங்கிற காசுல அஞ்சுல ஒரு பங்குகூட வராது."

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"அதைக் கேக்க வேணாம். மிச்சம் முப்பத்தேழும் கிழடுதானே. ஒண்டு மாத்தினா இன்னொண்டு படுக்கும். நீங்க வெயில்ல நிப்பாட்டாம, முழுசா ஏத்தாம, மெதுவா ஓடினா ஒரு வருஷம் போகும்."

ஒவ்வொரு பெட்டியாக மீட்டர் வைத்து அளந்து, எண் எழுதி, இரண்டு நாளில் முடித்தான். காரியம் சுத்தம். அந்த வருடம் முழுக்க நான் மாமனார் வீட்டில் பேசியதெல்லாம் பேட்டரியைப் பற்றித்தான். பணத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்று அவர்களுக்கு வகுப்பு எடுத்தேன். "எங்கள் ஊரில் இப்படித்தான்" என்று எத்தனை முறை சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை.

அந்த முதல் நாளில் கிங்ஸ்லி இன்னொன்றும் சொன்னான். "பொஸ், விக்கப் போறீங்கண்டா சொல்லுங்க. ஒண்டையும் மாத்தத் தேவையில்ல. லெப்டொப்பைக் கொழுவி ரீசெட் அடிச்சா பன்னிரண்டு கோடும் வரும். ஒரு மாசம், ஒண்டரை மாசம் நிக்கும். பிறகு கார் தன்ட உண்மையைத் தானே கண்டுபிடிச்சு ஒவ்வொண்டா அணைக்கும்."

நான் முகத்தைச் சுளித்தேன். அதெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லை என்று சொன்னேன்.

4

சரியாகப் பதினான்கு மாதம். அவன் சொன்ன கிழட்டுப் பெட்டிகள் வரிசையாகப் படுத்தன. ஒரு மதியம் ஷாமினி காலி வீதி நடுவில் நின்றுவிட்டாள். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்க, பொலிஸ்காரர் தள்ள, அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். இனி அந்தக் காரில் ஏற மாட்டேன் என்றாள். விற்றுவிட்டுச் சின்ன பெட்ரோல் கார் ஒன்று வாங்குவது என்று முடிவானது.

ஐந்து கோட்டோடு விளம்பரம் போட்டேன். கேட்டவர்கள் சொன்ன விலை காயலான் கடைக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். மூன்று வாரம் பார்த்தேன். பிறகு கிங்ஸ்லியிடம் போனேன். பழக்கமில்லை என்று சொன்னவன்தான்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர் நாணயத்தைப் பற்றி நான் இங்கே அடித்த பெருமையெல்லாம் பாதி பொய். காயில் கட்டிய மோட்டாருக்கு அப்பா பச்சைப் பெயின்ட் அடித்துப் புதிது என்று விற்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் காசில்தான் பி.காம் படித்தேன். கடல் தாண்டியதும் அப்பாவை உத்தமராக்கிவிட்டேன். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு இந்த வசதி உண்டு, ஊரைப் பற்றி என்ன சொன்னாலும் சரிபார்க்க ஆள் இல்லை.

ரீசெட் அடிக்கப் பத்து நிமிடம் ஆகவில்லை. பன்னிரண்டு கோடும் எரிந்தன. இதைப் படிப்பவர்களில் யாராவது பழைய மின்சாரக் கார் வாங்கப் போனால் கோட்டைப் பார்க்காதீர்கள். முழுதாக ஏற்றி, அரை நாள் ஓட்டி, எத்தனை கிலோமீட்டர் வருகிறது என்று பாருங்கள். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இருக்கிறது.

ஷாமினியிடம் மறைக்கவில்லை.  "இஞ்சேருங்கோ, தெரிஞ்ச ஆக்களுக்கு மட்டும் விக்க வேண்டாம். பிறகு முகத்தில முழிக்க ஏலாது" என்றாள். தெரியாதவர்கள் ஏமாறலாம் என்பதில் எங்கள் இருவருக்கும் ஒற்றுமை இருந்தது.

5

ஞாயிறு காலை காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். நீர்கொழும்பிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். ஃபலீல் நானா கடையை விட்டு இறங்கி வந்து வழக்கம்போல் பானெட்டைத் தட்டினார்.

"விக்கப் போறீங்களாம் என்டு கேள்விப்பட்டேன். ஏன் தம்பி எனக்குச் சொல்லல்ல?"

 ஷாமினிக்கு ஏசி வேண்டுமாம், பெரிய கார் பார்க்கிறோம் என்று ஏதோ உளறினேன்.

"பிற ஆளுக்குக் குடுக்க வாணாம். உம்மா ஏறின கார். நான் எடுக்குறேன்." குனிந்து கண்ணாடி வழியாக முகப்பைப் பார்த்தார். "பெட்டரி நல்லா ஈக்கா?"

கோடுகள் எரிந்துகொண்டிருந்தன. அவர் எண்ணுவது தெரிந்தது.

"பன்னெண்டும் ஈக்கி! மாஷா அல்லாஹ். நல்லா வச்சீக்கிறீங்க."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஏன் சொல்லவில்லை என்று அதன் பிறகு எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். பணத்துக்காக இல்லை. அவரிடம் பாதி விலைக்குக்கூடக் கொடுத்திருப்பேன். இந்தக் கோடு பொய் என்று சொன்னால், இதை யாருக்குச் செய்து வைத்தாய் என்று கேட்பார். நீர்கொழும்பிலிருந்து வரும் முகம் தெரியாத மனிதனை ஏமாற்றத் தயாராக நின்றவன் நான் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அவர் முன்னால் நல்லவனாக இருக்க ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்காகத்தான் அவரையே ஏமாற்றினேன்.

"உங்கட பொறுப்புதானே, தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஓம் நானா" என்றேன்.

பதினைந்து வருடத்தில் முதல் முறையாக அந்த வார்த்தை எனக்குப் பிசிறில்லாமல் வந்தது. இந்த ஊரில் பிறந்தவன் சொல்வதுபோல் வந்தது.

6

நானா காரை எடுத்த ஐந்து வாரத்தில் பன்னிரண்டு கோடு ஒன்பது ஆனது. எனக்குத் தெரியும், ஏனென்றால் கடையைத் தாண்டும்போதெல்லாம் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் ஆறு.

"தம்பி, ஆறு கோடுதான் ஈக்கி" என்றார் ஒரு நாள். குரலில் கோபம் இல்லை. மருந்துக் கடையில் மாத்திரை கேட்கிறவர்போல் கேட்டார்.

"வெயில் நானா. கொழும்பு வெயிலுக்கு பேட்டரி தாங்காது."

"ஓ. வெயில்" என்றார். தலையை ஆட்டினார். நம்பியதுபோல்தான் இருந்தது.

அதற்கடுத்த வாரம் கிங்ஸ்லி தொலைபேசியில் கூப்பிட்டான். "பொஸ், வெள்ளவத்தை நானா ஒருத்தர் உங்கட காரைக் கொண்டுவந்தார். ஆரோ சொல்லித்தான் என்னட்ட வந்திருக்கிறார். பெட்டரி பாக்கச் சொன்னார். இது என்ட கையால ரீசெட் அடிச்சதெண்டு சொல்லிட்டன். நான் செய்ற வேலையை நான் ஒளிக்கிறதில்ல. விக்கிற ஆள்தான் சொல்ல வேணும்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்டும் சொல்லேல்ல, பொஸ். நல்ல மனுசன். எனக்கு டீ வாங்கித் தந்துட்டுப் போனார்."

அன்று மாலை ஷாமினி ஒரு உறையில் பணத்தைப் போட்டுக் கையில் தந்தாள். "போய்க் குடுத்துட்டு வாங்கோ. காரையும் திருப்பி எடுங்கோ. நடந்து போறன் நான், பரவாயில்ல." போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் அங்கே போனதும் வாயில் வேறு வந்தது. பேட்டரி இப்படி ஆகும் என்று எதிர்பார்க்கவில்லை, உங்களுக்கு நட்டம் வேண்டாம் நானா என்று மறுபடியும் ஒரு பொய்யைச் சுற்றித்தான் கொடுத்தேன்.

அவர் உறையைத் தொடவில்லை.

"வேணாம் தம்பி. சாமானுக்குக் காசைத் திருப்பிக் குடுக்குற பழக்கம்தான் எனக்கு ஈக்கி. திருப்பி வாங்கிப் பழக்கமில்ல."

பிறகு, வழக்கம்போல், "வேற என்ன வேணும்?" என்றார். பருப்பு அரைக் கிலோ என்றேன். நிறுத்துக் கட்டித் தந்தார். நிறுவை சரியாக இருந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்தேன். கோபம்கூட வந்தது அவர்மேல்.

7

இப்போது விசா. எட்டாவது கடிதம்.

வேறு யாரிடமாவது வாங்கலாம் என்று பார்த்தேன். எங்கள் தொடர்மாடியில் இருப்பவர்களில் பாதிப் பேர் வாடகைக்கு வந்து போகிறவர்கள். மீதிப் பேருக்கு நான் 'ஷாமினி டீச்சரின் இந்தியா மாப்பிள்ளை', பெயர்கூடத் தெரியாது. பதினைந்து வருடத்தில் என்னைத் தெரியும் என்று எழுதித் தர ஒரே ஒரு ஆளைத்தான் சம்பாதித்திருக்கிறேன்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படித்தார். முன்பு ஒருபோதும் படித்ததில்லை. கையெழுத்துப் போட்டார். முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகினார்.

நான் நின்றேன்.

"வேற என்ன, தம்பி?"

"ஒன்றும் இல்லை, நானா."

அதற்குள் யாரோ ஒரு பெண், அந்தப் பக்கத்துக்குப் புதியவர்போல, அரிசி மூட்டையைக் காட்டி இது நல்லதா என்று கேட்டார். "கொண்டு போங்க தங்கச்சி. கல்லு ஈந்தா திருப்பிக் கொண்டாங்க. என் பொறுப்பு" என்றார் நானா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. குத்திக் காட்டும் மனிதரும் இல்லை அவர். அரிசி நல்லதாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

கிராம சேவகரிடம் போக அஞ்சனாவையும் கூட்டிப்போனேன். என் சிங்களத்தை நம்பி விசாவைப் பணயம் வைக்க முடியாது. முச்சக்கர வண்டியில் அவள் கோப்பைப் புரட்டிக்கொண்டு வந்தாள். பழைய ஏழு கடிதத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, இந்த முறை நானா அங்கிள் கீழ ஒண்டும் எழுதேல்லையே."

"ஆமாம்."

"மறந்துட்டாரா? திரும்பிப் போய் எழுதி வாங்குவமா? பக்கத்திலதானே."

"வேண்டாம்மா. அது தேவையில்லை."

புதிய கிராம சேவகர் ஒரு இளம் பெண். அஞ்சனா சிங்களத்தில் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். கடிதத்தில் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். "ஹரி, ஹரி" என்று, அதாவது சரி சரி என்று, சொல்லிச் சான்றில் கையொப்பமிட்டுத் தந்தார். ஐந்து நிமிட வேலை. ஏழு முறையும் இப்படித்தான் நடந்திருக்கும். அந்தக் கடைசி வரியை இந்த நாட்டில் எந்த அலுவலகத்திலும் யாரும் படித்ததில்லை. படித்தவன் நான் மட்டும்தான்.

வெளியே வந்ததும் அஞ்சனா என் கையைத் தட்டினாள். "நீங்க சொன்னது சரிதான் அப்பா. அந்த வரி தேவையே இல்ல."

திரும்பும்போது வண்டிக்காரரிடம் காலி வீதியால் போகாமல் கடற்கரைப் பக்கமாகச் சுற்றி, ஒழுங்கையின் மறுமுனையில் விடச் சொன்னேன். ஏன் இவ்வளவு தூரம் சுற்றுகிறோம் என்று அஞ்சனா கேட்டாள். காற்று வாங்கலாம் என்றேன். சான்று மடியில் இருந்தது. இன்னும் இரண்டு வருடம் நான் இந்த ஒழுங்கையில் வசிக்கத் தடையில்லை.